ஆங்கிலப் பேச்சில் மெய்களின் ஒலிப்பு மாற்றம்

குரல்நாண்கள் அதிரப் பிறக்கும் மெய் ஒலிப்புடையது. அதிராது பிறப்பது ஒலிப்பிலாதது. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு பொருளை வேறுபடுத்துவதால் இவை தனித்தனி ஒலியன்கள். எனினும், பேச்சில் இவ்வெல்லை நிலையானதன்று.

பன்மை விகுதி 'கேட்' (பூனை) என்பதன் ஒலிப்பிலா ஈற்றை அடுத்து ஒலிப்பிலா உரசொலியாகவும், 'டாக்' (நாய்) என்பதன் ஒலிப்புடை ஈற்றை அடுத்து ஒலிப்புடை உரசொலியாகவும் வரும்; எழுத்து மாறுவதில்லை. கட்டாயப் பொருளில் வரும் 'ஹேவ் டு' பேச்சில் 'ஹேஃப்டு' ஆகிறது. இங்கு வருமொழியின் ஒலிப்பிலா டகரம் நிலைமொழி ஈற்றைத் தன்னினமாக்குகிறது.

சொல்லிறுதியில் நிகழ்வது இன்னும் நுட்பமானது. அடித்தலையும் பாசிமணியையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்தில் 'பீட்' என்றே அமையும். பின்னதன் ஒலிப்புடை ஈறு, பேச்சு நிற்குமிடத்தில் தன் ஒலிப்பைப் பெரிதும் இழக்கிறது. ஆயினும் சொற்கள் மயங்குவதில்லை. முன்னதில் உயிர் குறுகியும் பின்னதில் நீண்டும் ஒலிப்பதே காரணம். மெய் இழந்த வேறுபாட்டை உயிரின் அளவு காக்கிறது.

தமிழில் வல்லினத்தின் ஒலிப்பு, சொல்லில் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் இதனை ஒரு விதியாகவே சுட்டுகிறது. எனவே, தமிழ் மாணவர்க்கு ஆங்கில ஒலிப்பு கற்பிக்கையில், ஈற்று மெய்யை மட்டும் வற்புறுத்தாது அதன் முன்னுள்ள உயிரின் அளவையும் உணர்த்துதல் இன்றியமையாதது.