ஒரு நஃபர், இரண்டு கட்டில்

"கம் நஃபர்?"

ரியாத்தின் பத்தாவில் சின்ன விடுதி எதில் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். அரபியில் பத்து வார்த்தைதான் தெரியும் என்பவருக்கும் நஃபர் தெரியும். மந்திக் கடையில் சோறு வாங்கும்போது தினமும் சொல்கிற வார்த்தையாயிற்றே. ஒரு நஃபர் சோறு என்றால் ஒருவர் சாப்பிடும் அளவு, ஒருவருக்கான காசு. விடுதியில் மட்டும் அந்தக் கணக்கு செல்லாது. ஒரு விரலைக் காட்டினாலும் இரண்டு விரலைக் காட்டினாலும் பெரும்பாலும் வாடகை ஒன்றுதான். சாவியை வாங்கி மேலே போய்க் கதவைத் திறந்தால், உள்ளே இரண்டு கட்டில் கிடக்கும்.

பத்தா, ரியாத்தின் பழைய நகரப் பகுதி. மஸ்மக் கோட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையானால் தமிழும் மலையாளமும் வங்காளமும் தகாலோகும் தோளோடு தோள் இடிக்கும் கடைத்தெரு. 2024 டிசம்பரில் ரியாத் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது முதல் தடத்தின் பெயரிலேயே இந்த ஊர்ப்பெயர் ஏறிவிட்டது. புரைதாவிலிருந்தும் ஹாயிலிலிருந்தும் தனியாக வருகிறவர்கள் இங்கேதான் வந்து இறங்குவார்கள். ஒருவருக்குத் தூதரகத்தில் பாஸ்போர்ட் வேலை இருக்கும், இன்னொருவருக்கு விடிகாலை விமானம். ஒரே ஒரு ராத்திரி தலையைச் சாய்க்க இடம் வேண்டும், அவ்வளவுதான்.

தனியாளிடம் கூடுதலாக வாங்குவதற்குப் பயணத் தொழிலில் 'சிங்கிள் சப்ளிமென்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் தங்குவார்கள் என்று வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று விலை போடுவார்கள். ஒருவர் மட்டும் வந்தால், வராத அந்த ஆளின் பங்கையோ அதில் ஒரு பகுதியையோ வந்தவர் தலையில் கட்டுவார்கள். பத்தா விடுதி ரசீதில் இப்படி ஒரு வரி இருக்காது. அறைக்குத்தான் விலை, ஆளுக்கு இல்லை என்பதால் கூடுதல் என்று எதையும் தனியாகக் காட்ட வேண்டியதில்லை. ஒரு பேச்சுக்கு அறை 120 ரியால் என்று வையுங்கள். இருவர் வந்தால் ஆளுக்கு 60. தனியாக வந்தவருக்கு 120. மிச்ச 60, படுக்காத கட்டிலுக்குக் கொடுத்த வாடகை. அதற்கான வரியையும் அவரே கட்டுகிறார். சவூதியில் மதிப்புக் கூட்டு வரி 2018-இல் 5 சதவீதமாக வந்து, 2020 ஜூலையில் 15 ஆனது.

விடுதிக்காரரைக் கேட்டால் அவர் பக்கமும் நியாயம் இருக்கும். ஒருவர் படுத்தாலும் ஏசி அதே ஏசிதான். விரிப்பு மாற்றுகிறவருக்குச் சம்பளம் குறையாது, கட்டடத்துக்கு வாடகையும் குறையாது. இரண்டாவது ஆளால் கூடுகிற செலவு ஒரு துண்டு, ஒரு சோப்பு, காலை உணவு கொடுக்கிற இடமாக இருந்தால் ஒரு தட்டு. பெரிய ஹோட்டல்கள் தனியாள் என்றால் கொஞ்சம் குறைக்கிறார்களே, அது பெரும்பாலும் அந்தத் தட்டின் விலைதான். இன்று ராத்திரி விற்காத அறையை நாளைக்கு எடுத்து விற்கவும் முடியாது. இந்த நியாயத்தில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவருக்கு ஏற்ற அளவில் அறை கட்டாமல் விட்டதுதான் என் குறை. ஜப்பானில் 1979-லேயே ஒசாகாவில் கேப்ஸ்யூல் ஹோட்டல் திறந்துவிட்டார்கள். சொகுசுக் கப்பல்களில் தனியாளிடம் ஏறக்குறைய இரட்டைக் கட்டணம் வாங்குவது சாதாரணம் என்றாலும், 2010-இல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் தனியாளுக்கென்றே 128 சிறு அறைகள் வைத்தார்கள். நம் ஊரில் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் என்ன? ஒற்றை ஆளுக்காகவே எழும்பிய கட்டடங்கள்தானே.

வளைகுடாவில் தனியாளுக்குப் பணத்தைத் தாண்டியும் ஒரு சிக்கல் உண்டு. இங்கே அவர் பெயர் பேச்சலர். ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தாலும், குடும்பத்தை அழைத்து வராதவரை இங்கே பேச்சலர்தான். வாடகைக்கு விடும் ஃபர்னிஷ்ட் அப்பார்ட்மென்ட் பலவற்றின் வாசலில் 'குடும்பங்களுக்கு மட்டும்' என்று அரபியில் பலகை தொங்கும். உணவகங்களில் குடும்பத்துக்கு ஒரு வாசல், தனி ஆண்களுக்கு ஒரு வாசல் என்ற கட்டாயமே 2019 டிசம்பரில்தான் நீங்கியது. காசு கொடுக்கத் தயாராக இருந்தும் இடம் கிடைக்காத நிலை நமக்கும் புதிதல்ல. தமிழ்நாட்டில் பையில்லாமல் தனியாக வருகிறவரை லாட்ஜ் மேனேஜர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு 'ரூம் காலி இல்லை' என்று சொல்வது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் கதவை உடைக்க வேண்டி வருமோ என்ற பயம்.

பெண்களுக்கு இன்னும் கடினமாக இருந்தது. சவூதி சுற்றுலா விசா கொடுக்கத் தொடங்கியதை ஒட்டி, 2019 அக்டோபரில்தான், சவூதிப் பெண்கள் உட்பட எந்தப் பெண்ணும் அடையாள அட்டையைக் காட்டித் தனியாக ஹோட்டலில் அறை எடுக்கலாம் என்று தெளிவாக அறிவித்தார்கள்.

கூடுதல் கட்டணத்தை ஒளிவுமறைவில்லாமல் பார்க்க வேண்டுமானால் உம்ரா பேக்கேஜ் நோட்டீஸைப் பார்க்க வேண்டும். சென்னையிலோ கீழக்கரையிலோ கையில் கொடுக்கும் நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருப்பது நாலு பேர் ஷேரிங் விலை. மூன்று பேர் என்றால் கொஞ்சம் ஏறும், இருவர் என்றால் இன்னும் ஏறும். தனி அறை கேட்டால் நோட்டீஸில் பதில் இருக்காது, போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். மக்காவில் ஹரம் பள்ளிவாசலுக்கு எவ்வளவு பக்கத்தில் ஹோட்டலோ அவ்வளவுக்கு இந்த வித்தியாசமும் பெரிதாகும். தனியாகப் போகிறவரை முகம் தெரியாத மூவரோடு போடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது பிரச்சினையில்லை, ஊருக்குத் திரும்பியபின் போனில் தொடரும் சிநேகங்களும் அதில் உண்டு. குழுவில் தனியாக வந்த பெண்கள் ஐந்து பேர் என்றால்தான் சிக்கல். நாலு பேர் ஓர் அறை, ஐந்தாமவருக்கு எந்த அறை, அதற்கு யார் காசு? முன்பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. 2018 ஹஜ்ஜில் 45 வயது கடந்த பெண்கள் மஹ்ரம் எனப்படும் ஆண் துணை இல்லாமல் போகலாம் என்று இந்திய அரசு அனுமதித்தபோது, குறைந்தது நாலு பேர் குழுவாக வர வேண்டும் என்றது. நாலு என்பது ஓர் அறையின் கணக்கும்கூட. தற்செயலாக இருக்கலாம்.

துபாயில் வரியே அறையைப் பார்த்துத்தான். 2014-இல் கொண்டுவந்த டூரிசம் திர்ஹம் ஒரு ராத்திரிக்கு, ஓர் அறைக்கு, நட்சத்திரத் தகுதியைப் பொறுத்து 7 முதல் 20 திர்ஹம். உள்ளே ஒருவரா இருவரா என்று அது பார்ப்பதில்லை. இணையத்தில் புக் செய்யும்போது பல நேரம் இது விலையில் சேராது, வரவேற்பு மேசையில்தான் கேட்பார்கள். அதைத் தனியாளுக்கு விதித்த அபராதம் என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. எல்லா அறைக்கும் உள்ளதுதான். பங்கு போட ஆளில்லை, அவ்வளவே.

பத்தாவுக்குத் திரும்புவோம். விவரம் தெரிந்தவர்கள் விடுதிப் பக்கமே போவதில்லை. ஊர்க்காரர் ரூம் இருக்கிறது. ஆறு பேர் இருக்கும் அறையில் ஏழாவதாக ஒரு மெத்தை தரையில் விரியும். போகும்போது பக்காலா என்கிற மளிகைக் கடையில் ஒரு பழப்பெட்டி வாங்கி வைத்துவிட்டு வந்தால் போதும், அதுதான் வாடகை. யாரையும் தெரியாதவரும், கூச்சப்படுகிறவரும், முதல் தடவை வருகிறவரும்தான் கவுண்டரில் நிற்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்தவரோடு சேர்ந்து அறை எடுப்பதும் நடக்கிறது. ஆனால் இருவருடைய இக்காமா என்கிற குடியிருப்பு அட்டையையும் பதிவு செய்வார்கள், ஒருவர் பெயரில் எடுத்துவிட்டு இன்னொருவர் நழுவி உள்ளே போக முடியாது.

லீவில் ஊருக்குப் போகிறவராக இருந்தால் கையில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். டாங், பால் பவுடர், கம்பளி, பிள்ளைகளுக்கு மிட்டாய் எல்லாம் திணித்து, நாலு பக்கமும் டேப் சுற்றி, கயிறு கட்டி, மேலே பெயரும் ஊரும் பின்கோடும் மார்க்கரில் எழுதியிருப்பார். லிஃப்ட் இல்லாத விடுதி என்றால் மூச்சு வாங்க அதை மேலே தூக்கிக்கொண்டு போவார். கீழே வைத்தால் ஈரம் படுமே என்று பார்ப்பார். பக்கத்துக் கட்டில் காலியாகத்தானே கிடக்கிறது. தலையணையை நகர்த்திவிட்டு, பெட்டியை அதில் வைப்பார்.