பிள்ளையைத் திருப்பி அனுப்பப் பள்ளிக்கு உரிமை உண்டா?

கற்றல் குறைபாடுள்ள பிள்ளையைப் பள்ளியில் ஏற்பார்களா என்ற பயம் பெற்றோருக்கு வீணாக வந்ததல்ல. 1997ஆம் ஆண்டு சிறப்புக் கல்வி விதிகளின்படி, பிறர் உதவியின்றித் தன்னைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைக்கே அரசுப் பள்ளியில் இடம் இருந்தது. மருத்துவரும் கல்வி, சமூக நல அதிகாரிகளும் அடங்கிய குழு அதை உறுதிப்படுத்தவும் வேண்டியிருந்தது.

2003இல் தொடக்கக் கல்வி கட்டாயமானது. பிள்ளையைச் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஒருபுறம் கட்டாயம், மறுபுறம் தகுதிச் சோதனை. நடுவில் தவித்தவர்கள் பெற்றோரே.

குறைபாட்டைக் காரணம் காட்டிப் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்றது 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம். 2013இல் பழைய விதிகளுக்குப் பதிலாகப் புதியவை வந்தன. 2019இல் எந்தப் பிள்ளையையும் நிராகரிக்காத கொள்கையைக் கல்வி அமைச்சு நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ஆனாலும் மருத்துவச் சான்று பெறுவதும் சமூக நல இலாகாவில் பதிவதும் பெற்றோர் பொறுப்பே. தேயிலைத் தோட்டத்திலிருந்து தானா ராத்தாவுக்கு இறங்கி வரும் தொழிலாளிக்கு ஒவ்வோர் அலைச்சலும் ஒரு நாள் வேலை. ஆகவே, முதலாம் ஆண்டில் சேர்க்கும் வயது வரை காத்திராமல், குறை தெரிந்தவுடனே மருத்துவரிடம் காட்டித் தாள்களைத் தயார் செய்வது நல்லது.