விளக்கு மங்காது, யூனிட் குறையும்

"சோலார் பேனலை மாசத்துக்கு எத்தனை தடவை கழுவணும்?" மாடியில் சோலார் போட்டவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பதிலுக்கு நான் கேட்பது: "நேத்து எத்தனை யூனிட் வந்தது?" அது பலருக்குத் தெரியாது. டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம், உட்காருங்கள்.

மோட்டார் கெட்டால் தண்ணீர் வராது, உடனே தெரிந்துவிடும். ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடும் சோலார் அப்படி இல்லை. பாதிப் பேனல் படுத்துவிட்டாலும் ஃபேன் அதே வேகத்தில்தான் சுற்றும். குறைகிற கரண்டை ஈ.பி. லைன் சத்தமில்லாமல் நிரப்பிவிடுகிறது. இரண்டு மாதம் கழித்து பில் எகிறும்போது பழியை ஏ.சி. மேல் போடுவோம். மாடு வளர்ப்பவர் பாலின் அளவை வைத்தே அதற்கு ஏதோ சரியில்லை என்று கண்டுபிடிப்பார். சோலாருக்கு அந்த அளவுதான் யூனிட். ஆகவே பராமரிப்பு ஏணியில் அல்ல, ஒரு நோட்டில் தொடங்குகிறது. சாயங்காலம் இன்வெர்ட்டரையோ செல்போன் ஆப்பையோ பார்த்து அன்றைய யூனிட்டை எழுதிவையுங்கள்.

எவ்வளவு வந்தால் சரி? தமிழ்நாட்டு வெயிலுக்கு 1 கிலோவாட்டுக்கு ஆண்டுச் சராசரி நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட். 3 கிலோவாட் என்றால் 12. பங்குனியில் வானம் தெளிவாக இருந்தால் அதற்கு மேலும் வரும். ஐப்பசி அடைமழையில் மூன்று, நான்குக்கே திண்டாடும். எனவே இன்றையதை நேற்றோடு ஒப்பிட்டுப் பயனில்லை. போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்; அல்லது தெருவில் இன்னொரு சோலார் வீட்டில் கிலோவாட்டுக்கு எத்தனை என்று கேளுங்கள்.

கத்திரி வெயிலில் கொஞ்சம் குறைந்தால் பதற வேண்டாம். பேனலில் எழுதியிருக்கும் வாட் கணக்கு, அது 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது தருவது. மே மாத மதியத்தில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் போகிறது. 35 டிகிரிக்குக் கணக்கிட்டால் 12 சதவீதம். வெளிச்சம்தான் பேனலுக்குச் சாப்பாடு; சூடு அதற்கு ஆகாது.

இனி, எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். குறைகிற விதமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மழையில்லாத வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் தூசி. அப்போதுதான் கழுவ வேண்டும். விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். மெல்லிய துணியும் வைப்பரும் போதும். சோப்புத் தூளும் கம்பி நாரும் வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தானாகக் காய விடாமல் வழித்தெடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டு படியும். சாய்வு குறைவான பேனலில் சட்டத்தின் அடி ஓரமாகச் சேறு கட்டும்; அதைக் குறிப்பாகத் துடையுங்கள். பேனலுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால் ஒரு செல்லை மறைக்கும் காக்கை எச்சம்கூட அந்த வரிசை முழுவதையும் இழுத்துப் பிடிக்கும். பேனலில் மூன்றில் ஒரு பங்கு கரண்ட் அங்கேயே போய்விடலாம்.

தினமும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் விழுந்தால் நிழல். ஆப்பில் வரும் வளைகோட்டில் அந்த நேரத்தில் பள்ளம் தெரியும். தென்னை வளர்ந்திருக்கும், பக்கத்து வீட்டில் மாடி எழும்பியிருக்கும். சித்திரையில் உச்சிக்கு வரும் சூரியன் மார்கழியில் தெற்கே சாய்ந்து போவதால், கோடையில் நிழலே விழாத இடத்தில் டிசம்பரில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும்.

ஒரே நாளில் ஒரு பங்கு காணாமல் போனால் வயரிலோ கனெக்டரிலோ கோளாறு இருக்கலாம். அணிலும் எலியும் வயரைக் கடிக்கும். மழை பெய்த காலைகளில் மட்டும் இன்வெர்ட்டர் தாமதமாக விழித்தால், எங்கோ வயர் உறை கிழிந்து கரண்ட் கசிகிறது என்று பொருள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஈ.பி. போகும்போது சோலாரும் நிற்பது கோளாறு அல்ல. கம்பத்தில் வேலை செய்பவர் உயிருக்கான ஏற்பாடு.

நீங்களே கண்ணால் பார்க்கக் கூடியவையும் உண்டு. பலத்த காற்றுக்குப் பிறகு போல்ட்டுகள், கடலோர ஊரில் துரு, வெயிலில் அறுந்த வயர் டேக், தரையில் கிடக்கும் வயர். மின்னல் பாதிப்பைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரின் சிறு ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பானால் மாற்ற வேண்டும். கோடையில் எர்த் குழியை ஈரமாக வைத்திருங்கள்.

கை வைக்கக் கூடாதது டி.சி. பக்கம், அதாவது பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை. ஆறு பேனலைத் தொடராகக் கோத்தாலே 300 வோல்ட் அளவுக்கு வரும். வெயில் இருக்கும் வரை எந்த சுவிட்ச்சை அணைத்தாலும் பேனல் வயரில் அந்த வோல்ட்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும். வீட்டு ஏ.சி. கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி அணைய வழியுண்டு. டி.சி.க்கு அந்த இடைவெளியே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரைப் பிடுங்கினால் பொறி நீண்டு தீயாகப் பிடிக்கும். நிறுத்த வேண்டுமானால் முதலில் ஏ.சி. பிரேக்கர், பிறகு டி.சி. ஐசொலேட்டர்.

ஆண்டுக்கு ஒருமுறை ஆளை வைத்துப் பார்க்கும்போது, கழுவியதற்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். டி.சி. வோல்ட்டேஜ், ஆம்பியர், எர்த் அளவு, வயர்க் கசிவு ஆகிய நான்கையும் அளந்து தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியம் வாங்கியிருந்தால், 5 ஆண்டுப் பராமரிப்பு நிறுவியவரின் பொறுப்பு. ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பேனலின் உற்பத்திக்கு 25 ஆண்டு வாரண்டி தருகிறார்கள் என்றாலும், எட்டாவது ஆண்டில் போய்க் "குறைஞ்சுபோச்சு" என்று சொன்னால் எதிலிருந்து குறைந்தது என்றுதான் கேட்பார்கள். அளந்து எழுதித் தந்த காகிதத்தையும் யூனிட் நோட்டையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.