பழைய டேப்லெட்டுக்குப் புதிய இயங்குதளம்

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய டேப்லெட் ஒன்று கிடக்கிறதா? அதன் திரை பழுதில்லாமல் இருக்கும். மின்கலமும் ஓரளவு தாங்கும். ஆயினும் புதிய செயலி ஒன்றை நிறுவ முயன்றால், அது இக்கருவிக்குப் பொருந்தாது என்னும் அறிவிப்பே வரும். கருவி கெட்டுவிடவில்லை, அதனை இயக்கும் மென்பொருள்தான் முதுமை அடைந்துவிட்டது. அந்த மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விரல் பட்டதை உணர்வதும், ஒலி எழுப்புவதும், செயலிகளுக்கு நினைவகத்தைப் பங்கிட்டுத் தருவதும் அதன் பணிகளாகும்.

கூகுள் நிறுவனம் 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் அறிமுகப்படுத்திய நெக்சஸ் 7 என்னும் டேப்லெட்டை எடுத்துக்கொள்வோம். ஏசுஸ் நிறுவனம் தயாரித்த அக்கருவி, ஆண்ட்ராய்டு 4.3 பதிப்புடன் வந்தது. 6.0.1 பதிப்புக்குப் பின் கூகுள் அதற்குப் புதிய பதிப்பு எதையும் தரவில்லை. ஆனால் கருவியின் வாழ்வு அத்துடன் முடியவில்லை. தன்னார்வ நிரலாளர்கள் ‘லினேஜ் ஓஎஸ்’ என்னும் இயங்குதளத்தை அதற்கென அமைத்து, ஆண்ட்ராய்டு 7.1 பதிப்பையும் அதில் ஓடச் செய்தனர்.

இது எவ்வாறு இயன்றது? நிரலாளர் எழுதிய வரிகளை மூலநிரல் என்பர். ஆண்ட்ராய்டின் மூலநிரல், எவரும் படிக்கவும் மாற்றவும் தக்கவாறு வெளியிடப்பட்டுள்ளது. அதன் அடியில், வன்பொருளுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் இடையே நின்று வேலை வாங்கும் பகுதி லினக்ஸ் கருனி ஆகும். கருனியைத் தம் கருவியில் வைத்து விற்போர் அதன் மூலநிரலையும் தர வேண்டும் என்பது அதன் உரிமத்தின் விதி. எனினும் வரைகலைச் சில்லு, கேமரா போன்றவற்றுக்கு வேண்டிய சில கோப்புகள் மூலநிரல் இன்றியே கிடைக்கின்றன. அவை பூட்டிய பெட்டிகள் போன்றவை. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமலே, பழைய இயங்குதளத்திலிருந்து அப்படியே எடுத்துப் புதியதில் பொருத்த வேண்டும். புதிய பதிப்பு அவற்றோடு ஒத்துப்போகாவிடில் கேமரா இயங்காது. சில வேளைகளில் திரையே ஒளிராது.

ஆகவே நிரல் எழுதுவதற்கு முன், கருவியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். நெக்சஸ் 7 என்னும் ஒரே பெயரில் இரண்டு தலைமுறைகள் உள்ளன. 2012ஆம் ஆண்டுக் கருவியில் என்விடியா சில்லும் 1 ஜிபி நினைவகமும் இருக்கும். 2013ஆம் ஆண்டுக் கருவியில் குவால்காம் சில்லும் 2 ஜிபி நினைவகமும் இருக்கும். ஒன்றுக்கு அமைத்தது மற்றொன்றில் இயங்காது. இக்குழப்பம் நேராதிருக்க நிரலாளர்கள் குறிப்பெயர்களைக் கையாள்கின்றனர். 2012ஆம் ஆண்டின் வைஃபை கருவிக்குப் பெயர் ‘குரூப்பர்’. தமிழகக் கடற்கரையில் நாம் களவா என்று அழைக்கும் மீன்தான் அது! சிம் அட்டை ஏற்கும் கருவி ‘திலாப்பியா’. நம் மீன் சந்தைகளில் அது ஜிலேபிக் கெண்டை. 2013ஆம் ஆண்டுக் கருவிகளின் பெயர்கள் ‘ஃப்ளோ’, ‘டெப்’ என்பன. ‘ஃபைண்டிங் நீமோ’ திரைப்படத்தில் டெப் என்னும் மீன், கண்ணாடித் தொட்டியில் தெரியும் தன் உருவத்தையே ஃப்ளோ என்னும் சகோதரியாக எண்ணிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்து, எந்தப் பதிப்பை அமைப்பது? மிகப் புதியதே சிறந்தது என்று தோன்றலாம். அது சரியன்று. ‘ஃப்ளோ’வின் கருனி 3.4 பதிப்பைச் சேர்ந்தது. அப்பதிப்பு 2012இல் வெளியானது. பின்னாளில் வந்த ஆண்ட்ராய்டு பதிப்புகள் எதிர்பார்க்கும் வசதிகள் பல அதில் இல்லை. இயங்குதளத்திற்கென ஒதுக்கப்பட்ட சேமிப்பிடமும் ஒரு ஜிபிக்குக் குறைவு. பதிப்புக்குப் பதிப்பு பருத்துக்கொண்டே போகும் ஆண்ட்ராய்டு அதற்குள் எப்படி அடங்கும்? தேவையற்ற செயலிகளை நீக்கலாம். அல்லது சேமிப்பிடத்தையே மறுபடியும் பிரிக்கலாம். பின்னது ஆபத்தான வேலை. அதில் பிழை நேர்ந்தால் டேப்லெட் வெறும் பலகையாகிவிடக்கூடும். சற்றுப் பழைய பதிப்பாயினும் எல்லா உறுப்புகளும் இயங்கும் ஒன்றைத் தேர்வதே அறிவுடைமை.

இவ்வேலைக்கு ஆற்றல் மிக்க கணினியும் வேண்டும். ஆண்ட்ராய்டின் இக்கால மூலநிரலை இறக்க 250 ஜிபி, அதனை இயங்குதளமாகத் தொகுக்க மேலும் 150 ஜிபி இடம் தேவை எனக் கூகுளின் வழிகாட்டி கூறுகிறது. பழைய பதிப்புகளுக்கு இதைவிடக் குறைவாகவே தேவைப்படும். வீட்டுக் கணினியில் முதல் தொகுப்பு முடியப் பல மணி நேரம் ஆகலாம்.

எவற்றைச் சேர்ப்பது என்பது உங்கள் விருப்பம். திறந்த ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் இராது என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். ஆனால் ‘நோட்டோ’ தமிழ் எழுத்துரு அதில் உண்டு. திரையில் தோன்றும் சொற்களின் தமிழாக்கங்களும் தனிக் கோப்புகளாக உள்ளன. அங்கே காணும் தமிழ்ச் சொல் ஒன்று பொருத்தமற்றது என நீங்கள் கருதினால், அதனைத் திருத்தித் தொகுக்கலாம். ஊருக்குச் செல்லும்போது தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கொடுக்கப்போகும் டேப்லெட் எனில், தமிழையே அதன் முதல் மொழியாக வைத்துவிடலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. புதிய இயங்குதளத்தை ஏற்றுவதற்கு முன், கருவியின் தொடக்கப் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்த அக்கணமே அதிலுள்ள படங்கள், பாடல்கள், குறிப்புகள் யாவும் அழிந்துவிடும். கருவி களவு போனால் பிறர் அதன் மென்பொருளை மாற்றுவதும் அதன் பின் எளிதாகும். எனவே பெற்றோரின் இசைவைப் பெறுங்கள். குடும்பப் படங்களை வேறிடத்தில் படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்றும் பாருங்கள். கூகுள் தந்த பழைய இயங்குதளத்தின் கோப்பையும் முன்னரே இறக்கி வையுங்கள். மின்கலத்தை முழுமையாக நிரப்புங்கள்.

முதன்முறை இயங்கத் தொடங்கச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை திரையில் சின்னம் மட்டுமே அசைந்துகொண்டிருக்கும். பொறுத்திருங்கள். முகப்பு தோன்றியதும் வைஃபை, ஒலி, கேமரா, திரை சுழற்சி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து, இயங்காதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தொகுப்பை அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கலாம்.