பேசுவோரும் பேசாதோரும்

சுவிட்சர்லாந்து மனோதத்துவ அறிஞர் காரல் யுங், 1921-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மாந்தரின் மனப்போக்கை அகமுகம், புறமுகம் என இரண்டாகப் பகுத்தார். எளிதாகச் சொல்வதாயின், புறமுகத்தார் பேசிப் பேசியே தெளிவடைவர். அகமுகத்தார் உள்ளத்தில் தெளிந்த பின்னரே வாய் திறப்பர். நம் பவணந்தி முனிவரும் நன்னூலில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என வகுத்துள்ளார். ஆனால் அங்கே தலை, இடை, கடை என்னும் தரம் உண்டு. யுங்கின் பகுப்பில் உயர்வு தாழ்வு இல்லை. இதனை நம்மவர் மறந்துவிடுகின்றனர்.

தாராவியின் ஒற்றையறை இல்லத்தில் ஒதுங்கியிருக்க மூலை ஏது? ஊரிலிருந்து புதிதாக வந்த மனைவி பகலெல்லாம் பேச்சுத்துணைக்கு ஏங்குகிறாள். மின்சார ரயிலில் நசுங்கி, சயான் நிலையத்தில் இறங்கி வரும் கணவனோ சிறிது அமைதியை நாடுகிறான். "அன்பில்லை" என்கிறாள் அவள். "நச்சரிப்பு" என்கிறான் அவன். இரண்டுமே உண்மையன்று.

எம் அலுவலக நண்பர் ஒருவர் மனைவியுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்: தேநீர் அருந்தி முடியும்வரை மௌனம், பின்னர் அன்றைய செய்தி முழுவதும். அம்மையார் இப்பொழுது சிறிய குவளையில்தான் தேநீர் தருகிறாராம்!