நிலத்துக்கு வந்த வீடு – 7: யார் வேலை எது?

இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை நிலத்தைப் பற்றியவை. ஏக்கர் என்ன விலை, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, பட்டா மாற்ற எவ்வளவு நாள் ஆயிற்று, என்ன பயிர் வைக்கலாம் என்று கேட்டு எழுதுகிறவர்களில் அநேகம் பேர் ஆண்கள். பெண்கள் கேட்பது வேறு. சமையல் எப்படி, கழிவறை இருக்கிறதா, பிள்ளைகள் படிப்பு என்ன ஆயிற்று, மாமியார் எப்படி ஒத்துக்கொண்டார். இந்த வாரம் முழுக்க அவர்களுக்காக எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டத்தில் ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு, சீமை ஓடு போட்ட இரண்டு அறை வீடு. இதுதான் எங்கள் இடம். சென்னை வேலையை என் கணவர் விட்டுவிட்டார். நான் விடவில்லை. பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலையை இங்கிருந்தே செய்கிறேன். மகள் ஏழாவது, மகன் மூன்றாவது. கூடவே அத்தை, என் கணவரின் அம்மா. போளூர் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகிச் சென்னைக்குப் போனவர்.

நிலம் வாங்குவதற்கு முன்னால் மண் பரிசோதனை செய்தோம், வில்லங்கச் சான்று பார்த்தோம், கிணற்றை ஆள் இறக்கிப் பார்த்தோம். நிலத்துக்குப் போகிற எல்லாக் குடும்பமும் இதையெல்லாம் செய்யும். ஆனால் வந்து இறங்கியதும் முதலில் நெருக்குவது பொழுது. காலை ஐந்து மணியிலிருந்து இரவு ஒன்பது வரை யார் எங்கே நிற்பது, அடுப்பில் யார், வயலில் யார் என்பதைப் பேசிக்கொள்ளாமல் வந்தால், பேசாத வேலையெல்லாம் வீட்டுப் பெண்ணின் தலையில் வந்து உட்காரும். பக்கத்து நிலங்களில் அதைக் கண்ணால் பார்க்கிறேன். விடியலில் மாட்டுக்குத் தீனி, பிறகு சோறு, பிறகு களை வெட்டு, திரும்பி வந்து மறுபடி சோறு. நடுவில் உட்கார ஓர் இடம் கிடையாது.

நகரத்தில் எங்கள் நாளை ஆபீஸ் நேரம் நடத்தியது. இங்கே அதை நடத்துவது கரண்டு. தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். அந்த ஒரு முடிவு எத்தனை சிறு விவசாயிகளை நிலத்தில் நிற்க வைத்திருக்கிறது என்பது, வந்து பார்த்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஆனால் மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அது எங்கள் ஊருக்கு நாள் முழுவதும் வராது. மற்ற நேரத்தில் வீட்டு விளக்கும் விசிறியும் ஓடும், மோட்டார் ஓடாது. (வீட்டுக்கு இணைப்பு தனி, அதற்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கிணற்று மோட்டார் இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுப்பது சட்டப்படி குற்றம். இடம் பார்க்கப் போகிறவர்கள் இரண்டு இணைப்பும் உண்டா என்று முதலில் கேளுங்கள்.)

அந்த மும்முனைக் கரண்டு பல நாள் காலையில், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் வரும். வந்தால் ஓட வேண்டியதுதான். கத்தரி, வெண்டைப் பாத்திகளுக்கு வாய்க்கால் வழியாகத்தான் தண்ணீர் போகிறது. ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் மண்ணை இழுத்து மடையை அடைத்து, அடுத்த பாத்தியைத் திறந்துவிட வேண்டும். கொஞ்சம் கவனம் தப்பினால் வரப்பு உடைந்து தண்ணீர் பக்கத்துக் கொல்லைக்குப் போய்விடும். ஆகவே தண்ணீர் பாய்கிற நேரம் முழுக்க ஓர் ஆள் அங்கே நின்றாக வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். என் கணவருக்குத் தோசை நன்றாக வரும், மகளுக்குத் தலை பின்னவும் தெரியும். எனக்கோ காலை வேளையில் ஈர மண்ணில் நிற்பது பிடித்திருக்கிறது. பிறகு பத்து மணிக்கு நான் மெய்ப்புப் பார்க்க உட்காரும்போது அவர் நிலத்துக்குப் போவார். இந்த ஏற்பாட்டை ஊர் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. மேலண்டைக் கொல்லைக்காரப் பெரியம்மா மடையோரம் நின்று, “இன்னாம்மா, ஆம்பள அடுப்பாண்ட, பொம்பள மடையாண்ட?” என்று கேட்டார். அவர் கேட்டதில் குத்தல் இல்லை. தன் வாழ்நாளில் பார்க்காத ஒன்றைப் பார்த்த வியப்பு அது. “தண்ணி யாரு கட்டுனா என்ன பெரிம்மா, பாத்தி ரொம்புதா இல்லியா?” என்றேன். பாத்தியைப் பார்த்துவிட்டு, மண்ணை இன்னும் சாய்வாக இழுத்துப் போட்டால் மடை கரையாது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் இன்று மடை கட்டுவது அவர் கற்றுக்கொடுத்தபடிதான்.

காலைச் சமையலைப் பாதியாகக் குறைத்தது பள்ளிக்கூடம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்றாகச் சூடாகக் கிடைக்கிறது. மகன் அங்கேயே சாப்பிடுகிறான். திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிள்ளைகளின் பசியைச் சொல்கிறார்கள், அது நியாயம். அதோடு, விடியலிலேயே களை வெட்டப் போகிற அம்மாக்களுக்குக் கிடைத்த அந்த முக்கால் மணி நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் அதை நன்றியோடு பேசாத பெண் இல்லை. மகள் ஏழாவது என்பதால் அவளுக்கு வீட்டுத் தோசை.

மாடு வாங்கவில்லை. அத்தைக்கு ஆசை இருந்தது. பிள்ளைகளுக்கு அதைவிட ஆசை. வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். கறவை மாடு இருந்தால் காலையும் மாலையும் கறந்தாக வேண்டும், சொசைட்டி நேரத்துக்குப் பாலைக் கொண்டுபோய் ஊற்றியாக வேண்டும். மாடு வைத்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாது. தீபாவளி, பொங்கல் என்று மாட்டுக்கு விடுமுறை கிடையாது. முதல் வருஷத்திலேயே அந்தக் கட்டு வேண்டாம் என்று தோன்றியது. பால் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது, சாணம் கேட்டால் தருகிறார்கள். நிலத்துக்குப் போனதும் மாடு வாங்கியே தீர வேண்டும் என்று நினைக்கிறவர்கள், யார் கறப்பது என்பதைத் தீர்மானித்துவிட்டுச் சந்தைக்குப் போங்கள்.

இப்போது ஆனி. ஆடிப் பட்டத்துக்கு வேர்க்கடலை விதைக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் மல்லாட்டை. ஒரு ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ விதைப் பருப்பு தேவை. அதற்கு 70, 80 கிலோ காயாவது உடைக்க வேண்டும். எந்திரத்தில் கொடுத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் பருப்பின் மேல் தோல் உரிந்துபோகும், இரண்டாகப் பிளக்கும், அது முளைக்காது. முன்கூட்டியே உடைத்து வைத்தாலும் முளைப்பு குறையும். ஆகவே விதைப்பை ஒட்டி, கையால்தான் உடைக்க வேண்டும்.

மாலையில் திண்ணையில் சாக்கு விரித்து உட்காருகிறோம். அத்தைதான் வாத்தியார். காயின் மூக்குப் பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓர் அழுத்து. “பட்” என்று வாய் திறக்கும். நகத்தைப் பருப்பில் படவிடாமல் ஓட்டைப் பிளந்து, பருப்பை முறத்தில் விட வேண்டும். இளஞ்சிவப்புத் தோலில் ஒரு கீறல் விழுந்தாலும் அது விதைக்கு ஆகாது, சட்னிக்குப் போகும். சுருங்கியது தனி, சொத்தை தனி, பொக்கு தனி. அத்தை கண்ணால் பார்ப்பதே இல்லை. பேசிக்கொண்டே விரல்தான் பிரிக்கிறது. சென்னையில் இருந்தவரை அவர் வீட்டில் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. கற்றுக்கொடுக்க அவரிடம் நாங்கள் எதையும் கேட்டதில்லை. இங்கே பேத்தி அவரிடம், “ஆயா, இது விதையா சட்னியா?” என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்கிறாள். முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் கட்டைவிரல் நுனி எரிந்தது. பிறகு தோல் தடித்துவிட்டது.

உடைப்பது மட்டும் பொது வேலை. அதற்குப் பிறகு மல்லாட்டையில் பெண்கள் கைதான் அதிகம். ஏர் ஓட்டுவது ஆண். பின்னாலேயே சாலில் பருப்பைப் போட்டுக்கொண்டு போவது பெண்கள். களை எடுப்பது பெண்கள். நீர் பாயும் நிலத்தில் 40, 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும். பூவிலிருந்து இறங்குகிற விழுது மண்ணுக்குள் போய்த்தான் காயாகும். அதற்கு மண் பொலபொலப்பாக இருக்க வேண்டும், அந்தக் காய் திரள ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதன் பிறகு மண்ணைக் கிளறக் கூடாது. நூற்றைந்து நாள் வாக்கில் செடியைப் பிடுங்கி, வெயிலில் குனிந்து உட்கார்ந்து காயை ஆய்கிறவர்களும் பெண்களே.

கூலி என்று வரும்போது ஆண் கூலி ஒன்று, பெண் கூலி ஒன்று. சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது என்றும் சொல்ல முடியாது, ஆகியேவிட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று நாங்கள் முடிவு செய்தோம். உடனே பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருவர் வந்தார். “நீங்க ஏத்திவுட்டுட்டா நாளைக்கு எங்களையும் அதே கேப்பாங்க. எங்களுக்கு வர்றது இதுல மட்டுந்தானே சார்?” என்றார் என் கணவரிடம். அவருக்குச் சம்பளம் வேறு கிடையாது, மல்லாட்டை விலை விழுந்த வருஷம் அவர் கடனில்தான் நிற்பார். எங்களுக்கு என் மெய்ப்புப் பணம் வருகிறது. அவர் சொன்னது பொய் இல்லை. ஆனாலும் குனிகிற முதுகுக்குப் பாதிச் சம்பளம் என்பதை என்னால் கொடுக்க முடியாது. கூலியை மாற்றவில்லை. அவரோடு பேச்சும் நிற்கவில்லை; அவர் நிலத்து விதைப்புக்கு நாங்கள் இரண்டு பேர் கைமாற்றாகப் போவதாகச் சொல்லியிருக்கிறோம்.

பத்திரம் பதியும்போது இருவர் பெயரிலும் பதிந்தோம், பட்டாவும் கூட்டுப் பட்டா. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலவுடைமைகளில் பெண்கள் நடத்துபவை சுமார் 14 சதவீதம்தான். விதை போடும் கைகளை எண்ணிவிட்டு இந்த எண்ணைப் படித்தால் மனசு ஆறாது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. இடம் வாங்கப் போகிற குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு பத்திர எழுத்தரிடம் போங்கள். பட்டாவில் பெயர் இருந்தால் பயிர்க் கடனோ, பயிர்க் காப்பீடோ, இழப்பீடோ வாங்குவது சுலபம்.

அத்தை ஒத்துக்கொண்டாரா என்று கேட்டிருந்தீர்கள். வரும் முன்பு இரண்டு மாதம் அவர் சரியாகப் பேசவில்லை. சென்னையில் கோயில், கீழ்வீட்டுத் தோழி, கண் டாக்டர் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்தன. இங்கே வந்தபின் அவரை மீட்டது டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முதலில் மாத்திரை வாங்கச் செங்கம் போனார். பிறகு சந்தைக்கு. பிறகு, பல வருஷமாகப் பார்க்காத தங்கையைப் பார்க்கப் போளூருக்கு, செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் பஸ் மாறிப் போய்விட்டு வந்தார். சென்னையில் எங்காவது போக வேண்டுமானால் மகனிடம் சொல்லி, ஆட்டோ வரவழைத்து, யாராவது கூடப் போக வேண்டும். இங்கே, “நான் பஸ்ஸுக்குப் போறேன், சோறு வடிச்சிட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொள்கிறார். எழுபதை நெருங்கும் வயதில் ஒருவர் தனியாக ஊருக்குப் போய் வருவதைப் பார்க்க எனக்கு எத்தனை சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்லி முடியாது.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை நான் மெய்ப்பில் மூழ்கியிருக்கும் நேரத்தில்தான் உர வண்டி, விதை வியாபாரி, கம்பம் பார்க்க வருகிற லைன்மேன், எல்லோரும் வருகிறார்கள். என் கணவர் கொல்லைக் கோடியில் இருப்பார். “சார் இல்லியாம்மா?” என்று கேட்பார்கள். நான் எழுந்து போனால் வேலை நிற்கும், போகாவிட்டால் வந்தவர் போய்விடுவார். போன வாரம் அத்தையே வாசலுக்குப் போய், “என்னா வேணும், எங்கிட்டச் சொல்லு” என்று கேட்டு, ஜிப்சம் மூட்டை விலையைப் பேசி முடித்துவிட்டார். இனி அந்த நேரத்துக்கு வாசல் அவர் பொறுப்பு என்று பேசியிருக்கிறோம். அவருக்கு மதியத் தூக்கம் போகும் என்பதால், இரவுச் சோறு என் கணவர்.

விதைப் பருப்பு முக்கால் வாசி உடைத்தாயிற்று. ஏர் ஓட்டச் சொல்லிவைத்தாயிற்று. சாலில் பருப்புப் போட ஆறு பெண்கள் வருகிறோம் என்றிருக்கிறார்கள், அவர்களோடு நானும். அன்றைக்குக் கூழ் கரைப்பது, குடிதண்ணீர் கொண்டுவருவது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது மூன்றும் என் கணவரிடம். ஒரு நல்ல மழை இறங்கி மண் பதப்பட்டால், அடுத்த வாரம் விதைப்பைப் பற்றி எழுதுகிறேன்.

(தொடரும்)