தானே விரும்பி நடப்போம்

தைப்பூசம் நெருங்கும் நாள்களில் திண்டுக்கல் சாலைகளைக் கண்டவர் அக்காட்சியை எளிதில் மறவார். நத்தம் வழியாகவும் மதுரைச் சாலை வழியாகவும் பாதயாத்திரை வரும் அன்பர்கள் ஒட்டன்சத்திரம் கடந்து பழனியை நோக்கி அணியணியாகச் செல்வர். செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடியிலிருந்து காவடிகளுடன் நடந்து வரும் வழக்கம் பல தலைமுறைப் பழமை உடையது. திண்டுக்கல்லிலிருந்து பழனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நம் சங்க உறுப்பினர் பலரும் இத்தொலைவை ஆண்டுதோறும் நடந்தே கடக்கின்றனர். காலில் கொப்புளம் கண்டாலும் அவர்கள் நிற்பதில்லை.

அவ்வாறு நடந்து வந்த முதிய நெசவாளர் ஒருவரைச் சித்திரை மாதத்தில் சின்னாளபட்டியில் கண்டோம். தறிக்குழியிலிருந்து எழும்போது முழங்கால் பிடித்துக்கொள்கிறது என்று வருந்தினார். “நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கலாமே, பெரியவரே” என்றோம். “டாக்டரும் அதைத்தான் சொல்றாருங்க, சார். காலையிலே எழுந்தா மனசு வரலீங்களே” என்றார்.

அறுபது கிலோமீட்டர் நடந்த கால்களுக்கு அரைமணி நேரம் ஏன் அரிதாயிற்று? அன்றே இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுந்தது.

அச்சமும் பரிசும்

பிறரைச் சொல்வானேன்? நம் கதையும் அதுவே. முப்பத்தைந்து வயதில் இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று கேட்டதும் அஞ்சினோம். மறுநாளே நடக்கத் தொடங்கினோம். அச்சம் ஒரு மாதம் நடத்தியது. அடுத்த சோதனையில் அளவு சற்றுக் குறைந்ததும் அச்சம் அகன்றது. அதனுடன் நடையும் அகன்றது. பின்னர் நண்பர்களோடு பந்தயம் வைத்து நடந்தோம். பந்தயம் முடிந்த மறுநாள் செருப்பு திண்ணையிலேயே கிடந்தது.

இது நமக்கு மட்டும் உரிய குறை அன்று. 1971-இல் எட்வர்டு டெசி என்னும் அமெரிக்க உளவியலார் ஓர் ஆய்வினை வெளியிட்டார். புதிர் விளையாட்டில் ஈடுபட்ட கல்லூரி மாணவருள் ஒரு சாராருக்கு மட்டும் பணம் கொடுத்தார். பணம் நின்றபின், அவர்கள் ஓய்வு நேரத்தில் அப்புதிரை நாடுவது குறைந்தது. வெளியிலிருந்து வரும் தூண்டுதல் சில வேளைகளில் உள்ளிருக்கும் விருப்பத்தைக் குறைத்துவிடுகிறது என்பது இதனால் விளங்கும்.

கூட்டுறவாளர்க்கு இது புதிய பாடம் அன்று. மானியம் ஒன்றையே கருதிச் சேர்ந்த உறுப்பினர், மானியம் நின்றதும் பேரவைக் கூட்டத்தை மறந்துவிடுகிறார். தானே விரும்பிச் சேர்வது கூட்டுறவின் முதற் கொள்கையாக வைக்கப்பட்டதன் காரணம் இதுவே.

காந்தியடிகளின் நடை

காந்தியடிகள் பள்ளிப் பருவத்தில் உடற்பயிற்சி வகுப்பை விரும்பவில்லை. தலைமையாசிரியர் அதனைக் கட்டாயமாக்கியபோதும் அவருக்கு அதில் நாட்டம் உண்டாகவில்லை. வீடு சென்று நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்யவே விழைந்தார். கல்வியில் உடற்பயிற்சிக்கு இடமில்லை என்று அன்று எண்ணியது தவறு எனப் பிற்காலத்தில் அவரே எழுதினார். ஆயினும், திறந்த வெளியில் நெடுந்தூரம் நடப்பதன் நன்மையை நூல்களில் படித்து, தாமே விரும்பி நடக்கத் தொடங்கினார். இலண்டனில் வண்டிச் செலவைக் குறைக்கக் கருதி நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடந்தார். 1930 மார்ச் 12-ஆம் நாள் தண்டிக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது 60. சுமார் 240 மைலை 24 நாள்களில் கடந்தார். வகுப்பறைக் கட்டாயத்தால் வாராத பழக்கம், சொந்த விருப்பத்தால் வாழ்நாள் முழுவதும் நின்றது.

நமக்கு வேண்டுவது என்ன?

அந்நாளில் இலண்டன் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் உட்கார்ந்தே இருந்தனர். நடத்துநர் நாள் முழுதும் படியேறி இறங்கினர். நடத்துநரிடையே மாரடைப்பு நோய் குறைவு என்பதை 1953-இல் ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் எடுத்துக்காட்டினர். குழித்தறியில் கால் மிதிக்கிறது, கை நாடாவை ஓட்டுகிறது என்பது உண்மையே. ஆனால் முதுகு குனிந்தபடி, இடுப்பு ஒரே இடத்தில் பல மணி நேரம் இருக்கிறது. முன்பு தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுகையில் நெசவாளர் முன்னும் பின்னும் நடந்தனர். ஆயத்தப் பாவு வந்த இடங்களில் அந்நடையும் போயிற்று.

வயலில் உழைப்போர், “எங்களுக்கு எதற்கு?” என்பர். மண்வெட்டி பிடிக்கும் நாள் பயிற்சி நாளே, ஐயமில்லை. ஆனால் மோட்டார் நீர் இறைக்க, டிராக்டர் உழ, தோட்டத்திற்கு வண்டியில் செல்லும் நாள்கள் இப்போது பலவாயின. வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமான உழைப்பு உடலுக்கு வேண்டும் என 2020-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் அக்கணக்கு நிறைவுறும். இதய நோய், கடும் மூட்டு வலி உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

ஆனால் கணக்கு மட்டும் எவரையும் நடத்தாது. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு காரணத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். அது தம் உடலை இகழ்வதாகவோ, அண்டை வீட்டாரோடு போட்டியிடுவதாகவோ இருத்தல் ஆகாது. நடக்கும் அன்றே சிறிது இன்பம் தருவதாக இருக்க வேண்டும். சிலருக்குக் குளக்கரைக் காற்று; சிலருக்கு நண்பரின் பேச்சு; திண்டுக்கல் நகரத்தார்க்கு மலைக்கோட்டையைச் சுற்றி வரும் விடியற்காலை.

பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தார் சுற்றி, சமைத்து, நீர் சுமக்கும் தாய்மார்க்கு மனம் இருந்தும் நேரம் இல்லை. அந்த அரைமணியை அவர்களுக்கு உண்டாக்கித் தருவது வீட்டு ஆடவரின் கடமை.

அண்மையில் அப்பெரியவரை மீண்டும் கண்டோம். நூல் வாங்கவும் நெய்த சேலையைக் கொடுக்கவும் மகனை வண்டியில் அனுப்புவதை விடுத்து, தாமே நடந்து வருகிறார். “வழியிலே பழைய சேக்காளி ஒருத்தர் இருக்காருங்க. அவரைப் பார்க்கணும்னே வர்றேன்” என்றார். முழங்கால் வலி முற்றும் தீரவில்லை. ஆயினும் பிறர் கைப்பிடியின்றித் தறிக்குழியிலிருந்து எழுகிறார்.

பழனிக்கு நடத்தியது அவருடைய நேர்த்தி. சங்கத்திற்கு நடத்துவது அவருடைய நட்பு. இரண்டும் அவர் தாமே கொண்டவை. நாமும் இப்போது பேருந்து நிலையத்தில் இறங்கிச் சங்கங்களுக்கு நடந்தே செல்கிறோம். வழியில் உறுப்பினர் பேசுவதைக் கேட்கிறோம். அந்தப் பேச்சின் சுவை நம்மை மறுநாளும் நடக்கச் செய்கிறது. உறுப்பினர்களே, உங்கள் காரணம் எது?